பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கிப் படம் எடுக்கத் தொடங்குவோருக்கு

நிகான், கேனான் ஆகிய இரு பெரும் நிறுவனங்களும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் பக்கம் திரும்பிவிட்டதால், உள்ளே உள்ள கண்ணாடி வழியாகக் காட்சியைக் காட்டும் டிஎஸ்எல்ஆர் வைத்திருந்த பலரும் அவற்றை விற்றுவிட்டு மாறிக்கொண்டிருக்கிறார்கள். பொழுதுபோக்காகப் படம் எடுக்க விரும்பி, அதற்கென ஓரளவு பணம் மட்டுமே ஒதுக்கியிருப்பவருக்கு இது நல்ல வாய்ப்பு. சில ஆண்டுகளுக்கு முன் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டுமே பார்க்க முடிந்த கேமராக்கள் இப்போது எட்டும் விலைக்கு வந்துவிட்டன. அவற்றின் படத் தரமோ அன்று இருந்ததில் இருந்து இம்மியும் குறையவில்லை. ஆனால் பழைய பொருளை வாங்குவதற்கென்று ஒரு கவனம் தேவை. கையிலுள்ள பணத்தை எல்லாம் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) போட்டுவிடாமல், நல்ல லென்ஸ் ஒன்றுக்கும், ஈரம் அண்டாமல் அதை வைத்துக்கொள்வதற்கும் முதலில் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படத்தைத் திருத்தும் மென்பொருளுக்குச் செலவே தேவையில்லை. அதற்கு வேண்டியது பொறுமை மட்டும்.

எந்த பாடி

2015 முதல் வந்த கேமராக்களைப் பார்ப்பது நல்லது. நிகானில் டி5600 (2016), டி3500 (2018), கேனானில் 200டி (2017), 1500டி (2018) ஆகியவை தொடக்கநிலைக் கேமராக்கள். எல்லாமே 24 மெகாபிக்சல். இவற்றைவிட ஒரு படி மேலே உள்ள நிகான் டி7200 (2015), கேனான் 80டி (2016) ஆகிய இரண்டும் பழைய சந்தையில் தொடக்கநிலைக் கேமராக்களின் விலைக்குச் சற்று மேலே கிடைக்கும். கூடுதலாகக் கொடுக்கும் அந்தத் தொகைக்கு இவை முழுத் தகுதி உடையவை. ஷட்டர் (ஒளியை உள்ளே விடத் திறந்து மூடும் திரை) வேகத்தையும் அப்பர்ச்சரையும் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) தனித்தனிச் சக்கரங்களில் மாற்றலாம். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் காட்சி முழுவதும், விளிம்பு வரை, தெளிவாகத் தெரியும். லென்ஸின் ஃபோகஸ் சிறிது முன்னோ பின்னோ விழுந்தால் அதைக் கேமராவிலேயே சரிசெய்துகொள்ளும் வசதியும் உண்டு. இந்தக் கடைசி வசதி டி3500, டி5600, 1500டி ஆகியவற்றில் இல்லை. எடையைத் தாங்க முடியாதவருக்கு டி3500 ஏற்றது. அதன் எடை குறைவு, ஒரு முறை சார்ஜ் செய்தால் நாள் முழுவதும் தாங்கும்.

நிகான் வாங்குவோர் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டி3500, டி5600 போன்றவற்றின் உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஆகவே தமக்குள்ளேயே மோட்டார் உள்ள, ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று குறிக்கப்பட்ட லென்ஸ்களே அவற்றில் தானாக ஃபோகஸ் ஆகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மிமீ எஃப் 1.8டி லென்ஸை வாங்கினால், அதைக் கையால்தான் திருகிக்கொண்டிருக்க வேண்டும். டி7200-இல் மோட்டார் இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: டி90, டி7000, டி5100, டி3200 போன்ற பழைய பாடிகளில் ஏஎஃப்-பி லென்ஸ்கள் ஃபோகஸே ஆகா. பாடியை ஒருவரிடமும் லென்ஸை வேறொருவரிடமும் வாங்குபவர் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேனானில் இந்தத் தொல்லை குறைவு. 1987-இல் இஎஃப் மவுன்ட் (லென்ஸ் பொருந்தும் வளையம்) வந்தபோது வெளியான கேனான் லென்ஸ்கூட இன்றைய இஓஎஸ் டிஎஸ்எல்ஆரில் தானாகவே ஃபோகஸ் ஆகும். ஆனால் ஃபிலிம் காலத்துப் பழைய சிக்மா லென்ஸ்களில் பல, டிஜிட்டல் பாடியில் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம். 200டி மார்க் 2 (2019) கேமராவில் ஃபிளாஷ் பொருத்தும் இடத்தின் நடுமுனை நீக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒற்றை முனையை நம்பி இயங்கும் பிற நிறுவனங்களின் மேனுவல் ஃபிளாஷ்களும், தொலைவிலிருந்து ஃபிளாஷை இயக்கும் ட்ரிகர்களும் அதில் இயங்கா. ஃபிளாஷில் ஆர்வம் உள்ளவர் அதைவிட முந்தைய 200டி-யையே தேடலாம்.

நேரில் சோதிக்கும் முறை

பழைய கேமராவைப் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. பகல் வெளிச்சத்தில், நேரில், கையில் எடுத்துப் பார்த்தே வாங்க வேண்டும். போகும்போது உங்கள் மெமரி கார்டு ஒன்றையும் சிறிய எல்இடி டார்ச் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால், அதையே திரும்பி வருவதற்குப் போதிய காரணமாகக் கொள்ளலாம்.

முதலில் ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கை. தொடக்கநிலைக் கேமராக்களின் ஷட்டர் பொதுவாக 1,00,000 முறை இயங்கும் என்றும், டி7200-இல் 1,50,000 முறை என்றும் கணக்கிட்டுத் தயாரிக்கப்படுகிறது. நிகானில் எடுத்த படத்தின் எக்ஸிஃப் தகவலிலேயே (படக் கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் குறிப்பு) இந்த எண் பதிவாகியிருக்கும். ஒரு படம் எடுத்து அந்தக் கோப்பை எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் தெரிந்துவிடும். கேனானின் பெரும்பாலான மாடல்களில் படக் கோப்பில் அது இருக்காது; கேமராவை யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்து, அதற்கென உள்ள மென்பொருளால் படிக்க வேண்டும். அதற்கு வழியில்லாதபோது தேய்மானத்தைப் பாருங்கள். ஃபிளாஷ் பொருத்தும் தகட்டில் கறுப்புச் சாயம் உரிந்து உலோகம் வெளுத்திருந்தால், பல திருமணங்களைப் பார்த்த கேமரா அது. பிடியில் உள்ள ரப்பர் தளர்ந்து தூக்கிக்கொண்டிருப்பதும், ஷட்டர் பொத்தானைச் சுற்றி வழவழப்பேறியிருப்பதும் அதையே சொல்லும். அப்படிப்பட்ட கேமராவை வாங்கவே கூடாது என்பதில்லை. ஆனால் ஷட்டரை மாற்ற ஆகும் செலவை விலையில் குறைத்துக் கேட்க வேண்டும்.

அடுத்தது, ஒளியைப் படமாகப் பதிக்கும் சென்சார். அப்பர்ச்சரை எஃப் 16-இல் (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுங்கள். அதைப் பெரிதாக்கி மூலை மூலையாக நகர்த்திப் பார்க்கும்போது மங்கலான சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் அது தூசு. கையால் அழுத்தும் ரப்பர் பிளோயரால் பெரும்பாலும் போய்விடும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் துளி பட்டால் தூசைவிடப் பெரிய தொல்லையாகும். கூர்மையான கோடாகத் தெரிவது கீறல். அந்தக் கேமராவை விட்டுவிடலாம். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு ஐ.எஸ்.ஓ (ஒளி உணர்திறன்) 800-இல் சில நொடிகள் ஷட்டரைத் திறந்து ஒரு படம் எடுத்தால், பழுதான பிக்சல்கள் சிவப்பும் நீலமுமாக மின்னும். ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. பாட்டரியை வெளியே எடுத்து அது உப்பியிருக்கிறதா என்று பார்ப்பதும், கார்டு செருகும் இடத்தின் ஊசிகள் வளையாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் ஒரு நிமிட வேலை.

இனி லென்ஸ். மிகுந்த பொறுமையோடு பார்க்க வேண்டிய பொருள் இதுவே. முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச்சை அடித்து, முன்பக்கத்தின் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். விளக்கை நேராகப் பார்க்காமல் சற்று விலக்கி வைத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். கேனான் இஎஃப் லென்ஸ்களில் அப்பர்ச்சர் திறந்தே இருக்கும். நிகானின் ஏஎஃப்-எஸ் ஜி லென்ஸ்களில் கழற்றியவுடன் அது மூடிக்கொள்ளும் என்பதால், பின்பக்கத்தில் உள்ள சிறு உலோக நெம்புகோலை விரலால் மெல்லத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். விரலை எடுத்ததும் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். தயங்கித் தயங்கி மூடினால் இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கிறது.

டார்ச் ஒளியில் மிதக்கும் ஒன்றிரண்டு தூசுகள் படத்தைப் பாதிக்கா. ஆனால் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கிளைவிட்டுப் பரவும், சிலந்தி வலை போன்ற மெல்லிய வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. முழுப் பரப்பிலும் பால் நிறப் படலம் தெரிந்தால், வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும் படங்கள் வெளுத்துப்போகும். பூஞ்சை பிடித்த லென்ஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டிருந்தால், பிரித்துத் துடைத்த பிறகும் தடம் நிலைத்திருக்கும்.

கடைசியாக, லென்ஸைப் பாடியில் பொருத்தி, அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, மேசையில் சாய்வாக விரித்த செய்தித்தாளின் ஒரு வரியில் ஃபோகஸ் செய்து எடுங்கள். அதே வரியை லைவ் வியூவிலும் (பின்திரையைப் பார்த்து எடுக்கும் முறை) எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். வியூஃபைண்டர் வழியாக எடுத்ததில் மட்டும் கூர்மை முன்வரிக்கோ பின்வரிக்கோ தாவியிருந்தால், மேலே சொன்ன சரிசெய்யும் வசதி உள்ள பாடியில் அதைத் தீர்த்துக்கொள்ளலாம். இல்லாத பாடியில் அந்த லென்ஸ் தலைவலிதான்.

பணத்தை வைக்க வேண்டிய இடம்

கேமராவோடு வரும் 18-55 மிமீ லென்ஸைக் (மிமீ எண் கூடக் கூடக் காட்சி நெருங்கித் தெரியும், அகலம் குறையும்) குறைத்து மதிப்பிடத் தேவையில்லை. பகலில் அது நல்ல லென்ஸ். மாலையானால்தான் அதன் குறை வெளிப்படும். 55 மிமீ-இல் அதன் அப்பர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும், ஒன்றில் ஐ.எஸ்.ஓ 6400 கேட்கும் காட்சி மற்றதில் 640-இலேயே முடிந்துவிடும். குத்துவிளக்கு வெளிச்சத்தில் கோலமிடும் அம்மாவையோ, மின்விளக்கு மங்கலாக எரியும் கூடத்தில் விளையாடும் குழந்தையையோ எடுக்கும்போது இந்த வேறுபாட்டைக் கண்கூடாகக் காணலாம். ஆகவே இரண்டாவது லென்ஸாக எஃப் 1.8 பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) ஒன்றை வாங்குங்கள். நிகானில் 35 மிமீ எஃப் 1.8ஜி டிஎக்ஸ் என் முதல் தேர்வு. இந்தக் கேமராக்களின் சென்சார் 35 மிமீ ஃபிலிமைவிடச் சிறியது என்பதால் 1.5 மடங்கு பெருக்கிக்கொண்டால் அது ஏறக்குறைய 52 மிமீ கோணத்தைத் தரும், வீட்டுக்குள்ளும் பின்னால் நகர இடமிருக்கும். கேனானில் 50 மிமீ எஃப் 1.8 எஸ்டிஎம் (2015) மலிவும் தரமும் சேர்ந்தது, 1.6 மடங்குக் கணக்கில் 80 மிமீ ஆகிவிடுவதால் முகங்களுக்கு அருமை, சிறிய அறைக்கு இடைஞ்சல்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெமரி கார்டுகளில் போலிகள் மிகுதி. வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். ட்ரைபாடில் நடுத்தண்டை உயர்த்தினால் ஆட்டம் கூடும் என்பதால், கால்களை மட்டும் நீட்டியே உங்கள் கண் உயரத்தை எட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைத்து எடுக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி) அணைத்துவிட்டு இரண்டு நொடி டைமரைப் பயன்படுத்துங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாடுக்கு முன் அனுமதி தேவை. யுவி ஃபில்டர் படத்தை மேம்படுத்தாது. கடற்கரையில் உப்புத் துளி முன்கண்ணாடியில் படாமல் காக்க மட்டும் உதவும்.

ஈரமும் பூஞ்சையும்

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது இன்னும் கூடும். பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் இருப்பவை. அவை லென்ஸில் முளைக்காமல் தடுப்பதற்கு வறட்சி ஒன்றே வழி. ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். 30-க்குக் கீழே நீண்ட காலம் போனால் ரப்பரும் மசகும் காய்ந்துவிடும் என்பதால் மிகையான வறட்சியும் வேண்டாம்.

வசதி உள்ளவர்கள் மின்சாரத்தில் இயங்கும் டிரை கேபினட் வாங்கிக்கொள்ளலாம். தொடங்குபவருக்கு, ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், துணிப்பையில் கட்டிய சிலிக்கா ஜெல்லும், உள்ளே வைக்கச் சிறிய டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி) ஒன்றும் போதுமானவை. ஹைக்ரோமீட்டர் இல்லாமல் டப்பாவை மட்டும் நம்புவது வீண். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. சிலிக்கா ஜெல்லில் நீலம் இளஞ்சிவப்பாகவோ, ஆரஞ்சு பச்சையாகவோ மாறினால் அது ஈரத்தால் நிறைந்துவிட்டது என்று பொருள். ஓவனில் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் மீண்டும் பழைய நிறத்துக்கு வரும். நீல நிற வகையில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு இருப்பதால், அதைச் சமையல் வாணலியில் வறுக்கக் கூடாது. ஆரஞ்சு வகையை வாங்குவதே நல்லது.

கேமராவைத் துணிப்பையிலோ தோல் உறையிலோ மாதக்கணக்கில் வைத்துவிடாதீர்கள். அந்தப் பஞ்சும் தோலும் ஈரத்தை உறிஞ்சி லென்ஸுக்கு ஊட்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லும்போது, ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெளி வெப்பநிலைக்கு வரும்வரை திறக்காமல் இருங்கள். அப்போது நீர்த்திவலை லென்ஸின் மேல் படியாமல் உறையின் மேல் படியும். கடற்கரையிலிருந்து திரும்பியதும், லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றியெடுத்த பிறகு டப்பாவுக்குள் வையுங்கள்.

ரா (RAW) கோப்பாக எடுத்துத் திருத்துவது

கேமரா தானே திருத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளே உண்டு. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 உண்டு. இருட்டான பகுதியைத் தூக்கும்போதும் வானத்தின் வெளுப்பை அடக்கும்போதும் இந்த வேறுபாடுதான் கைகொடுக்கும். ஆகவே கேமராவை முதல் நாளே ராவில் வைத்துவிடுங்கள்.

மாதச் சந்தா கட்டி லைட்ரூம் என்ற திருத்த மென்பொருளை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிகானின் என்எக்ஸ் ஸ்டுடியோவும் கேனானின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனலும் அந்தந்தக் கேமரா வைத்திருப்பவருக்கு இலவசம். கேமரா காட்டும் வண்ணத்தை அப்படியே தருவதால் தொடங்குவதற்கு எளிது. நெடுநாள் பயன்பாட்டுக்கு டார்க்டேபிளைப் பரிந்துரைக்கிறேன். திறமூல மென்பொருளான இது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கற்றுக்கொள்ளச் சற்று நாள் பிடிக்கும். ஆனால் உள்ளே நடப்பது அனைத்தும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். கணினியில் 8 ஜிபி ராம் இருந்தால் ஓடும், 16 ஜிபி இருந்தால் இழுக்காது.

முதன்முதலில் ரா கோப்பைத் திறக்கும்போது அது சோர்ந்து, வண்ணம் மங்கித் தெரியும். கேமரா தன் ஜேபெக்கில் தானாகச் சேர்க்கும் கான்ட்ராஸ்டும் கூர்மையும் இதில் இன்னும் சேரவில்லை என்பதே காரணம். கோப்பில் பிழை ஒன்றும் இல்லை.

கோயில் மண்டபம் ஒன்றைத் தூண்களுக்குள் நின்று எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிப்பிராகாரத்தில் உச்சி வெயில். தூண்களின் சிற்பங்கள் நிழலில். எடுக்கும்போதே ஹிஸ்டோகிராமைப் (படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பார்த்து, வெயில்பட்ட தரை வெளுத்துப் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் (பதிவாகும் ஒளியின் அளவு) குறைத்துவிடுங்கள். முற்றிலும் வெளுத்த பகுதியில் மீட்க எதுவும் இருக்காது, இருண்ட பகுதியில் இருக்கும். டார்க்டேபிளில் முதலில் லென்ஸ் கரெக்‌ஷனைப் போட்டுத் தூண்களின் வளைவை நிமிர்த்துங்கள். அடுத்து எக்ஸ்போஷரில் ஒட்டுமொத்த வெளிச்சத்தை ஓரளவு உயர்த்தி, சிக்மாய்ட் என்ற மாட்யூலால் (திருத்தக் கருவி) வெளிச்சப் பகுதியை மென்மையாக அடக்குங்கள். பிறகு டோன் ஈக்வலைசரில் நிழல் பகுதியை மட்டும் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரு மடங்காவது) தூக்கினால் யாளியின் பல்வரிசைகூட எழுந்து வரும். அதற்கு மேல் தூக்கினால் நிழல் என்பதே இல்லாமல் போய்ப் படம் தட்டையாகிவிடும்; மண்டபம் மண்டபமாக இருக்கச் சிறிது இருட்டு வேண்டும். நிழலைத் தூக்கும்போது வரும் துகள்களுக்கு டினாய்ஸ் புரொஃபைல்டு மாட்யூல் போதும். அது உங்கள் கேமராவின் ஐ.எஸ்.ஓவை அறிந்து செயல்படுவது. டி7200-இன் கோப்புகள் இந்த அளவுக்கு எளிதில் ஈடுகொடுக்கும். 80டி-க்கு முந்தைய பல கேனான் பாடிகளில் இதே அளவுக்குத் தூக்கினால் நிழலில் கோடு கோடாகத் தெரியும் என்பதால், அவற்றை வைத்திருப்பவர் ஒரு ஸ்டாப்போடு நின்றுகொள்ளலாம்.

நீங்கள் செய்யும் மாற்றங்கள் ரா கோப்பைத் தொடாமல் எக்ஸ்எம்பி என்ற சிறு துணைக் கோப்பில் பதிவாகும். படங்களை வேறு வன்தட்டுக்கு நகல் எடுக்கும்போது இவற்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரா மட்டும் மிஞ்சும், திருத்தம் போய்விடும். நகல் இரண்டு இருக்கட்டும், அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

பிரின்ட் போடக் கொடுக்கும்போது எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான வண்ணவெளியில் (வண்ணங்களின் வரம்பு), 90-க்குக் குறையாத தரத்தில் ஜேபெக்காக வெளியேற்றுங்கள். 8-க்கு 12 அங்குலப் பிரின்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2400-க்கு 3600 பிக்சல் போதும்; 24 மெகாபிக்சல் கோப்பில் பாதியை வெட்டிவிட்டால்கூட அந்த அளவு மிஞ்சும். உங்கள் திரையின் வெளிச்சம் மிகுதியாக இருந்தால் பிரின்ட் இருண்டு வரும் என்பதால், திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துத் திருத்திய பின் முதலில் ஒரு சிறிய பிரின்ட் போட்டுப் பாருங்கள். லேபில் கொடுக்கும்போது தானியங்கி வண்ணத் திருத்தம் செய்ய வேண்டாம் என்பதை வாயால் சொல்வதோடு உறையின் மேல் எழுதியும் கொடுத்துவிடுங்கள்.